அத்தைக்கு வந்தது வேறு, அவளுக்கு வந்தது வேறு

ஜூலை மாதம் ஐந்து வாரம் ஊரில் இருந்தேன். குலதெய்வக் கோயில், இரண்டு கல்யாணம் என்று போட்ட திட்டமெல்லாம் முதல் நாளே மாறிவிட்டது. அன்று மாலை பள்ளியிலிருந்து வந்த அண்ணன் மகள் சாக்ஸைக் கழற்றினாள். கணுக்காலுக்கு மேலே ரப்பர் பதிந்த தடம் வாய்க்கால் போல் கிடந்தது. இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் அது மறையவில்லை.

அவளுக்கு 13 வயது. லூபஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய் என்று பிப்ரவரியிலேயே தெரியும். எனக்கும் அதே நோய்தான்; டொராண்டோவில் 54 வயதில் கண்டுபிடித்தார்கள். மூட்டு வலி, வாய் வறட்சி, ஒருமுறை நுரையீரல் உறையில் நீர் கோத்தது. அவ்வளவுதான். அதனால் திண்டுக்கல் வீட்டில் எல்லோருக்கும் ஒரு தைரியம். "அத்தை மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகவில்லையா?" என்பார்கள். தொலைபேசியில் நானும் அதையே சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அருகிலிருந்த கிளினிக்கில் வலி மாத்திரையும் சத்து டானிக்கும் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஐந்து மாதத்தில் ஒருமுறைகூடச் சிறுநீர் பரிசோதனை இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லேப் பையன் வீட்டுக்கே வந்து ரத்தமும் சிறுநீரும் வாங்கிப் போனார். மாலையில் வாட்ஸ்அப்பில் முடிவு வந்தது: சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். சிறுநீரகம் புரதத்தை நிறையவே கசியவிடுகிறது என்று அர்த்தம். டொராண்டோவில் மருத்துவரின் சீட்டு இல்லாமல் இது நடக்காது. சிறப்பு மருத்துவரைப் பார்க்க நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

அன்றிரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பினோம். அரசு மருத்துவமனை ஒன்றில் ஓ.பி. சீட்டு வாங்கி, நான்கு மணி நேரம் வரிசையில் நின்றோம். விசிறியடியில் இடம் பிடித்துக் கொடுத்த அந்த விழுப்புரத்து அம்மாவை மறக்க மாட்டேன். உள்ளே இருந்த மருத்துவர் இளவயதுப் பெண். பேசிக்கொண்டே பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது; காலில் நீர் கோத்திருந்தது.

"உங்களுக்கு வந்ததை வைத்து இவளை எடை போடாதீர்கள் அம்மா" என்றார். பெயர் ஒன்றுதான்; வந்த வயது வேறு. லூபஸ் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு 18 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. அப்படி வந்தால் நோயின் சீற்றம் அதிகம். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தைத் தொடும். 50 வயதுக்குப் பிறகு வந்தால் சிறுநீரகம் பெரும்பாலும் தப்பும். நுரையீரல் உறையும் வறட்சியும்தான் அதிகம் படுத்தும். வயதானவர்களுக்கு வேறு தொல்லை: முதுமை வலி என்று நினைத்தே நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பார்கள். எனக்கு அப்படித்தான் இரண்டு வருடம் போனது. பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. வளரும் வயதில், நோயை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து அதிகம் போனால் உயரமும் எலும்பும் பாதிக்கும். நோயோடு வாழப்போகும் ஆண்டுகளும் நீளம். அதனால்தான் ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைக்க வேறு மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

அந்த வாரமே சிறுநீரக பயாப்ஸி: ஊசியால் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துச் சோதிப்பது. மருந்துகள் இலவசம். ஒரே ஒரு குறை என் மனத்தில் நிற்கிறது. அங்கே 12 வயது முடிந்தால் பெரியவர்கள் வார்டுதான். குப்புறப் படுக்கவைத்து ஊசி எடுத்த பிறகு அவள் அசையாமல் மல்லாந்து கிடந்தாள். இரண்டு பக்கமும் தாய் வயதுப் பெண்கள். "அத்தை, திரையை இழுத்து விடுங்கள்" என்றாள். அங்கே திரை இல்லை. என் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தபடி நின்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ரத்த அழுத்தம், எடை, காலைச் சிறுநீரில் நுரை (புரதம் கசிந்தால் நுரைக்கும்) உண்டா இல்லையா என்று தினமும் அவளே எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவாள். போன வாரம் "நுரை குறைவு" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.