இரும்புக்கை மாயாவிக்கு ஒரு திரைக்கதை: ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதா, நிழற்படையில் தொடங்குவதா?

ஒன்பது மாதங்களாக நானும் நண்பர் ஒருவரும் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவிக்குத் திரைக்கதை எழுதிவருகிறோம். உரிமை எங்களிடம் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை. எழுதிப் பழகுவதற்காகத்தான் எழுதுகிறோம். ஆனாலும் முதல் பக்கத்தைத் தொடுவதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கதையை எந்த இடத்தில் தொடங்குவது என்ற அந்த ஒரு கேள்விக்கே இரண்டு மாதம் பிடித்தது.

நமக்கு மாயாவியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவனுடையதுதான். ஆனால் காமிக்ஸ் வாசகர்களின் வட்டத்தைத் தாண்டி வெளியே போனால், லூயிஸ் கிராண்டல் என்ற அவனுடைய மூலப் பெயரைக் கேட்டவர்கள் மிகவும் குறைவு. 1962இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவன் அவன். கென் புல்மரும் பின்னர் டாம் டல்லியும் எழுதினார்கள். ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். சூப்பர்மேனைப் பார்க்க வருகிறவருக்குப் பாதிக் கதை முன்பே தெரியும். மாயாவியைப் பார்க்க வருகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. அவருக்கு எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கதையில் இரண்டு மாயாவிகள் இருக்கிறார்கள். முதலாமவன் பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் நடக்கும் இன்னொரு விபத்தில் கடும் மின்சாரம் பாய, அவன் உடல் மறைந்துபோகிறது. இரும்புக் கை மட்டும் மறையாமல் அந்தரத்தில் நிற்கிறது. அந்தச் சக்தி தலைக்கேறி அவன் குற்றங்களில் இறங்குகிறான். இரண்டாமவன் திருந்தியவன், நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி. கைக்குள் ஆயுதங்களும் கருவிகளும் பொதிந்திருக்கும். மின்சாரத்தைத் தொடுவான், மறைவான், வேலையை முடிப்பான். நம்மில் பலர் நெஞ்சில் வைத்திருப்பது இந்த இரண்டாமவனைத்தான்.

நண்பர் நிழற்படைப் பக்கம் நின்றார், நான் ஆய்வுக்கூடத்துப் பக்கம். கடைசியில் ஆய்வுக்கூடத்தையே தேர்ந்தெடுத்தோம். அதனால் நான் நடுநிலையாக எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் நண்பரின் வாதத்தில் வலு இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சக்தி கிடைத்த கதையையே திரும்பத் திரும்பப் பார்த்து மக்கள் சலித்துவிட்டார்கள் என்பது எல்லோரும் சொல்வது, அதை விட்டுவிடலாம். நண்பர் காட்டிய சான்று வேறு. 1998இல் வந்த 'பிளேடு' படத்தின் நாயகனை அதற்கு முன் காமிக்ஸ் வாசகர்களிலேயே பலர் பொருட்படுத்தியதில்லை. அந்தப் படம் அவனுடைய பிறப்பைச் சிறிய முன்காட்சியில் முடித்துவிட்டு, வளர்ந்து தேர்ந்த வேட்டைக்காரனாகவே அவனை நம் முன் நிறுத்தியது. மாயாவியைப் போலவே பிரிட்டிஷ் வார இதழில் பிறந்த ஜட்ஜ் டிரெட்டை 2012இல் படமாக்கியவர்கள் இன்னும் துணிந்தார்கள். அவன் எப்படி அப்படி ஆனான் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாள், ஒரு கட்டடம், கூடவே புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண். நமக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அவள் வழியாகத் தெரிந்துவிடுகிறது. வசூலில் அந்தப் படம் தோற்றது. ஆனால் அந்தப் பாத்திரத்தை அது பிடித்த விதத்தில் நான் ஒரு குறையும் காணவில்லை.

நிழற்படைக் கதைக்கும் இப்படி ஒரு புதிய உளவாளியை எழுதலாம். நண்பர் எழுதியும் காட்டினார், பத்துப் பக்கம். படிக்க நன்றாகவே இருந்தது. முதல் காட்சியிலேயே மாயாவி மறைந்து ஓடுகிறான், சண்டை போடுகிறான், வேகம் குறையவே இல்லை. இதைத் தொடராக எடுப்பதாக இருந்தால் நான் மறுபேச்சில்லாமல் நிழற்படைக்கே கை தூக்கியிருப்பேன். வாரத்துக்கு ஒரு சாகசம் என்பதற்கே பிறந்த கதைகள் அவை.

ஆனால் இரண்டு மணி நேரப் படத்துக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. என் முடிவை மாற்ற முடியாதபடி செய்தது அதுதான்.

மாயாவி மறைந்தபின் திரையில் என்ன இருக்கும்? ஒரு கை. முகம் கிடையாது, கண் கிடையாது. நடிகருக்குச் சம்பளம் கொடுப்பதே முகத்துக்காகத்தான். மற்ற நாயகர்கள் சக்தி வந்ததும் திரையில் பெரிதாகிறார்கள். இவன் சக்தி வந்ததும் காணாமல் போகிறான். முகமூடி நாயகர்களின் படங்களில்கூட இந்தச் சங்கடம் உண்டு. 1995இல் எடுத்த டிரெட் படத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டார், காமிக்ஸ் ரசிகர்கள் கொதித்தார்கள். 2012இல் கார்ல் அர்பன் கடைசிவரை கழற்றவில்லை, ஆனால் வாயும் தாடையும் தெரிந்தன. அந்த இறுகிய உதட்டை வைத்தே நடித்தார். அயர்ன் மேன் கவசத்துக்குள் இருக்கும்போதும் முகம் நமக்குத் தெரியும்படி கேமராவையே கவசத்துக்குள் கொண்டுபோனார்கள். நம் மாயாவிக்கு இந்த வழிகள் ஒன்றும் இல்லை.

மறையும் மனிதனைப் பற்றிய படங்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று தேடிப் பார்த்தோம். 1933இல் கிளாட் ரெய்ன்ஸ் நடித்த படத்தில் முகம் தெரிவது கடைசியில் மட்டும்தான். மீதி முழுவதும் கட்டுத்துணியும் குரலும். 2000இல் கெவின் பேகனுக்கு ரப்பர் முகமூடி மாட்டினார்கள், நீரிலும் புகையிலும் உருவத்தைக் காட்டினார்கள். 2020இல் வந்த படம் கேமராவை அவன்மேல் வைக்கவே இல்லை, அவனுக்கு அஞ்சும் பெண்ணின்மேல் வைத்தது. மூன்றுமே அவனை அச்சம் தரும் பொருளாக்கித்தான் வெற்றி கண்டன. நமக்கோ அவன்மேல் அச்சமும் வேண்டும், அன்பும் வேண்டும். அந்தப் படங்களில் இல்லாத ஒன்று நம்மிடம் இருப்பது நல்வாய்ப்பு: அந்தக் கை.

ஆகவே படம் முழுவதையும் அந்தக் கை சுமக்க வேண்டும். கைக்கு நடிக்கத் தெரிய வேண்டும். அதற்கு அந்தக் கையின் வரலாறு பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிழற்படைக் கதையில் கை ஒரு கருவி. கையுறைக்குள் ஒளிந்திருக்கும், வேண்டும்போது வெளியே வரும், சுடும். ஆய்வுக்கூடக் கதையில் அது ஒரு மனிதனின் இழப்பு.

இதைப் பேசித் தீர்க்க முடியவில்லை, அதனால் எடுத்துப் பார்த்தோம். தடித்த கையுறை ஒன்றுக்கு வெள்ளிநிறச் சாயம் பூசி, விரல் மூட்டுகளில் தகரத் துண்டுகளை ஒட்டினோம். நண்பர் உடல் முழுவதும் பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டினார். செல்போன் கேமராதான். காட்சி இதுதான்: இருட்டறை, மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளை. காற்றில் ஓர் இரும்புக் கை வருகிறது, குவளையை எடுக்கிறது, சற்று உயர்த்துகிறது, ஓசையில்லாமல் திரும்ப வைக்கிறது. நாற்பது நொடி. பச்சையைக் கணினியில் நீக்கிவிட்டு ஆறு பேருக்குக் காட்டினோம். ஐந்து பேர் சிரித்தார்கள். சிரிக்கத்தான் தோன்றும், தனியாக அலையும் கையில் வேடிக்கைதான் முதலில் கண்ணில் படுகிறது.

பிறகு அதற்கு முன்னால் இரண்டு நிமிடக் காட்சி ஒன்றைச் சேர்த்தோம். கிராண்டலுக்கு இன்னும் சக்தி வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் போனபின் தனியாக உட்கார்ந்து, இரும்புக் கையால் குவளையைப் பிடித்துப் பழகுகிறான். முதல் தடவை வழுக்குகிறது. இரண்டாம் தடவை இறுக்கிப் பிடிக்கிறான், உடைகிறது. சில்லுகளை இடது கையால் பொறுக்கி, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். அடுத்த குவளையை எடுக்க வலது கை நீள்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. இடது கையால் எடுத்துத் தண்ணீர் குடிக்கிறான். அவ்வளவுதான். இதன் பின்னால் அதே நாற்பது நொடியை ஒட்டி, வேறு ஆறு பேருக்குக் காட்டினோம். ஒருவரும் சிரிக்கவில்லை. கை குவளையை உயர்த்தும் இடத்தில் ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. உடையாமல் வைத்ததும், "கற்றுக்கொண்டுவிட்டான்" என்றார். முகமே இல்லாத காட்சியில் ஒரு மனிதனின் பெருமிதம் அவருக்குத் தெரிந்திருக்கிறது!

பன்னிரண்டு பேரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. எல்லோரும் தெரிந்தவர்கள், எங்கள் மனம் நோகக் கூடாதென்று நினைத்திருக்கலாம். பெரிய கிராபிக்ஸ் நிறுவனம் செய்து தந்தால் முதல் வடிவத்துக்கே சிரிப்பு வராமல் போகலாம். அந்த அளவிலான வேலையில் எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் கிராபிக்ஸ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் குவளை உடையாதது ஏன் பெரிய விஷயம் என்பதை அதனால் சொல்ல முடியாது. அதை முந்தைய இரண்டு நிமிடம்தான் சொல்கிறது. நிழற்படையில் தொடங்கினால் அந்த இரண்டு நிமிடத்துக்கு இடமே இல்லை. பின்னோக்கிக் காட்சியாகச் செருகலாம் என்றார் நண்பர். செருகிப் பார்த்தோம். அப்போதுதான் வேகம் பிடித்திருந்த கதை, வண்டிக்கு முட்டுக்கட்டை போட்டதுபோல் நின்றுவிட்டது.

இதோடு சேர்ந்து இன்னொரு லாபமும் கிடைக்கிறது. மாயாவியின் சக்திக்கு விதிகள் உண்டு: மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவான், நேரம் போகப் போக உருவம் திரும்பிவிடும், மறுபடி மின்சாரத்தைத் தேட வேண்டும். நிழற்படைக் கதையில் இதை யாராவது வாயால் விளக்க வேண்டும், அந்தப் புதிய உளவாளிக்குச் சொல்வதுபோல் நமக்கு. ஆய்வுக்கூடக் கதையில் கிராண்டலே அதைத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்கிறான், நாமும் கூடவே கண்டுபிடிக்கிறோம். கொள்ளையடித்துவிட்டுத் திரும்பும்போது அவன் விரல் நுனிகள் புகைபோல் தெரியத் தொடங்கும் காட்சியில் ஒரு வசனமும் எழுதவில்லை. விதி புரிந்துவிடுகிறது.

எங்கள் தேர்வில் ஆபத்து இல்லாமல் இல்லை. கிராண்டல் முதல் பாதி முழுவதும் கெட்டவனாகவே போகிறான். சக்தி கிடைத்த விஞ்ஞானி வெறி பிடித்து அலைவதை மக்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். அவன் திரும்பும் இடம் நம்பும்படி இல்லாவிட்டால் படம் அங்கேயே சரிந்துவிடும். அந்த இடத்தை நான்கு முறை எழுதிவிட்டோம், இன்னும் நிறைவு இல்லை. ஆனாலும் மாயாவியை மற்ற நாயகர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்தத் திருந்துதல்தான் என்று உறுதியாக நம்புகிறேன். உளவாளிகள் ஏராளம். தன் கையாலேயே கெட்டு, அதே கையால் மீண்டவன் இவன் ஒருவன்தான்.

காலத்தை மாற்றி இன்றைய நகரத்துக்குக் கொண்டுவருவதா, 1962இலேயே விடுவதா என்பதும் பேச்சில் வந்தது. செலவு பார்த்தால் இன்றைய காலம் மலிவு. ஆனால் இப்போதைய வீடுகளில் கசிவு மின்சாரத்தைத் தடுக்கும் கருவி இருக்கிறது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கிராண்டல் சுவரில் விரலை வைத்தால் விளக்குகள் அணையும், அவன் மறைய மாட்டான். 1962இலேயே விட்டுவிட்டோம். பிளாஸ்கோவின் கருப்பு வெள்ளைச் சித்திரங்களில் இருக்கும் அந்த நிழல்களும் அந்தக் காலத்தோடுதான் பொருந்துகின்றன.

நிழற்படையை முழுக்கக் கைவிடவும் மனம் வரவில்லை. கடைசிக் காட்சியில் ஒரு மனிதர் கிராண்டலுக்குக் கையுறை ஒன்றைத் தருகிறார், அவன் அதை மாட்டிக்கொள்கிறான். நிழற்படை என்ற சொல்லே படத்தில் வராது. தெரிந்தவர்களுக்குப் புரியும்.

இப்போது எங்களுக்குள் நடக்கும் சண்டை, மின்சாரம் பாயும் விபத்தை எத்தனையாவது நிமிடத்தில் வைப்பது என்பது. நண்பர் பதினைந்து என்கிறார். நான் முப்பத்தொன்றில் வைத்திருக்கிறேன். அதற்குமுன் அவன் மூன்று குவளைகளாவது உடைக்க வேண்டும்.