சுண்டுவிரலுக்கு இடம் இருக்கா? இடுப்புல மறைச்சு வைக்கற சின்ன பிஸ்டல்கள், நாலு வருஷ அனுபவம்

நாலு வருஷமா இங்க அமெரிக்கால தினமும் பிஸ்டல் வெச்சுக்கிட்டு தான் வெளிய போறேன், லைசன்ஸ் எடுத்து, கிளாஸ் போயி, முறையா. இதுக்குள்ள நாலு துப்பாக்கி கை மாறியாச்சு, ஒண்ண வித்துட்டேன், மூணு வீட்ல இருக்கு. எது வாங்கலாம்னு யாராவது கேட்டா எல்லாரும் உடனே எத்தனை ரவுண்டு (தோட்டா), எத்தனை இன்ச் பேரல் (குழல்)னு ஆரம்பிப்பாங்க, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான், அதை கையில புடிச்சா உங்க சுண்டுவிரல் எங்க இருக்கு? கிரிப் மேல, அதாவது கைப்பிடி மேல இருக்கா, இல்ல கீழ காத்துல தொங்குதா? எனக்கு இது புரியறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு, அதான் எழுதறேன்.

முதல்ல வாங்கினது .380-ங்கற சின்ன வகை தோட்டா போடற ஒரு குட்டி பிஸ்டல், பேரு வேண்டாம், பேன்ட் பாக்கெட்ல போட்டா பர்ஸ் மாதிரி தான் இருக்கும், சட்டைய இன் பண்ணாலும் வெளிய தெரியாது. மறைச்சு வைக்கற துப்பாக்கின்னா இது தான்னு நினைச்சேன். சுட்டுப் பழகற ரேஞ்சுக்கு கொண்டு போனப்ப தான் விஷயம் தெரிஞ்சுது. 50 ரவுண்டு பெட்டி ஒண்ண முடிக்க முடியல, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதை சிவந்து போச்சு. ரெண்டு விரல் மட்டும் தான் கிரிப்ல, மூணாவது விரலுக்கு இடமே கிடையாது, ஒவ்வொரு தடவை சுட்டப்புறமும் துப்பாக்கி கைக்குள்ளயே திரும்பிடுது, திரும்ப சரியா புடிச்சு அடுத்தது சுடணும். ஏழு கஜ தூரத்துல பேப்பர் பிளேட் வெச்சு அஞ்சு சுட்டா ரெண்டு மூணு வெளிய போகும். அவசரத்துல, பயத்துல, ஒரு கையால சுட வேண்டி வந்தா என்ன ஆகும்னு யோசிச்சப்ப எனக்கு நிஜமாவே பயம் வந்துடுச்சு, ஏன்னா குறி தப்பின ஒவ்வொரு தோட்டாவும் எங்கயோ போய் யார் மேலயோ படலாம்.

இது அந்த கம்பெனி தப்பு இல்ல, கணக்கு அப்படி. தோட்டா முன்னாடி போற வேகத்துக்கு துப்பாக்கி பின்னாடி வரும், துப்பாக்கி எவ்ளோ லேசோ அவ்ளோ வேகமா வரும். 300 கிராம் துப்பாக்கி உதைக்கற உதைய 670 கிராம் துப்பாக்கி உதைக்காது. அதுக்கு மேல கிரிப் சின்னதா இருந்தா அந்த உதைய தாங்கறதுக்கு கைக்கு பிடிமானமும் கிடையாது. குறி பாக்கற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி குறைச்சல், அதனால குறி கொஞ்சம் பிசகினாலும் அங்க போயி நிறைய பிசகும். ஆக சின்ன துப்பாக்கிங்கறது புதுசா கத்துக்கறவங்களுக்கு இல்ல, நல்லா சுடத் தெரிஞ்சவங்களுக்கு. கடையில மட்டும் "கைக்கு அடக்கமா இருக்கும்"னு சொல்லி புதுசா வர்றவங்களுக்கு, அதுலயும் பெண்களுக்கு, முதல்ல எடுத்து நீட்டறது இந்த குட்டியத் தான், இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

ரெண்டாவதா வாங்கினது சிக் சாவர் பி365. 2018-ல வந்த மாடல். அதுக்கு முன்னாடி இந்த சைஸ்ல 9 எம்எம் வேணும்னா 6, 7, 8 ரவுண்டு தான், தோட்டா ஒண்ணு மேல ஒண்ணா ஒரே வரிசையா நிக்கும், க்ளாக் 43 கூட 6 தான். இவங்க மேகசின்ல, அதாவது கிரிப்புக்குள்ள சொருகற தோட்டா கூட்டுல, தோட்டாவ லேசா இடது வலதா விலக்கி ஒண்ணரை வரிசை மாதிரி அடுக்கி, அதே பருமன்ல 10 ரவுண்ட கொண்டு வந்துட்டாங்க, சுடத் தயாரா பேரல் பின்னாடி இருக்கற சேம்பர்ல ஒண்ணு சேத்தா 11. பேரல் 3.1 இன்ச், எடை 500 கிராம் சொச்சம். அதுக்கப்புறம் எல்லா கம்பெனியும் அதே வழில தான் வந்தாங்க, 2019-ல ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட் 11 ரவுண்டோட வந்துது, 2021-ல ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் பிளஸ் வந்துது.

பி365 கூட வர்ற மேகசின் ரெண்டுல ஒண்ணு அடி தட்டையா இருக்கும், இன்னொண்ணுல விரல் வைக்க சின்னதா ஒரு நீட்டல் இருக்கும். இந்த நீட்டல் அரை இன்ச் தான் இருக்கும், ஆனா வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். தட்டையான மேகசின் போட்டா என் சுண்டுவிரல் வெளிய, நீட்டல் போட்டா பாதி விரலாவது உக்காருது, அதே துப்பாக்கி அதே தோட்டா, பிளேட்ல அஞ்சும் உள்ள விழுது. நான் முதல் மாசத்துக்கப்புறம் தட்டை மேகசின தொடவே இல்ல. இதுல எனக்கு புடிச்ச இன்னொரு விஷயம், சட்டப்படி துப்பாக்கின்னு நம்பர் போட்டிருக்கறது உள்ள இருக்கற ட்ரிகர் யூனிட்ல தான், வெளிய இருக்கற கிரிப் வெறும் பிளாஸ்டிக் கூடு, கைக்கு பத்தலன்னா பெரிய கூடு வாங்கி நாமளே மாத்திக்கலாம். எக்ஸ்எல் மாடல்னு தனியாவும் இருக்கு, 3.7 இன்ச் பேரல், 12 ரவுண்டு.

இப்ப நான் தினமும் வெச்சுக்கறது க்ளாக் 43எக்ஸ். 2019-ல வந்தது. இதோட கதை சுவாரஸ்யமானது. பழைய 43-ஓட அதே சின்ன ஸ்லைடு (ஒவ்வொரு தடவை சுடும்போதும் பின்னாடி போயிட்டு வர்ற மேல் பாகம்), அதே 3.41 இன்ச் பேரல், ஆனா கிரிப்ப மட்டும் 2 சென்டிமீட்டர் நீளமாக்கிட்டாங்க. 43-ஓட உயரம் 108 மில்லிமீட்டர், 43எக்ஸ் 128. இந்த 128 என்னன்னா, 1988-லேர்ந்து உலகம் பூரா போலீஸ்காரங்க வெச்சிருக்கற க்ளாக் 19-ஓட உயரமும் அதே தான். அதாவது கைக்கு முழு துப்பாக்கி, ஆனா பருமன் 28 மில்லிமீட்டர் தான், எடை காலி மேகசினோட 530 கிராம். ட்ரிகர் விரல் போக மூணு விரலும் கிரிப்ல அழகா உக்காருது. முதல் நாள் ரேஞ்சுல 150 ரவுண்டு சுட்டும் கை வலிக்கல, வீட்டுக்கு வர்ற வழிலயே முடிவு பண்ணிட்டேன், இனிமே இது தான்னு. 10 ரவுண்டு மேகசின் தான் கூட வரும், பி365-ல அதே 10 இதை விட சின்ன கிரிப்புக்குள்ள அடங்குதேன்னு கேப்பீங்க, நியாயம் தான், ரவுண்டு எண்ணிக்கை தான் முக்கியம்னா பி365 பக்கம் போங்க. எனக்கு விரல் முக்கியம்.

ஆனா இங்க தான் சிக்கல். இடுப்புல சொருகற துப்பாக்கில மறைக்க கஷ்டமானது பேரல் இல்ல, கிரிப். பேரல் எவ்ளோ நீளமா இருந்தாலும் பேன்டுக்குள்ள இறங்கிடும், ஒருத்தருக்கும் தெரியாது. கிரிப் தான் பெல்ட்டுக்கு மேல நிக்குது, குனிஞ்சா சட்டைய முட்டிக்கிட்டு துருத்தும். சுண்டுவிரலுக்கு இடம் குடுக்கற அதே 2 சென்டிமீட்டர் தான் நம்மள காட்டியும் குடுக்குது. சுடறதுக்கு வேணும், மறைக்கறதுக்கு வேணாம். 43எக்ஸ் வாங்கின முதல் வாரம் கண்ணாடி முன்னாடியே தான் நின்னேன், குனியறது, கை தூக்கி அலமாரில எடுக்கறது, கார்லேர்ந்து எறங்கறது, எல்லாத்துலயும் வலது பக்கம் ஒரு முக்கோணம் தெரிஞ்சுது.

அதை தீத்து வெச்சது துப்பாக்கி இல்ல, ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கிய சொருகி வைக்கற உறை. இதைப் பத்தி எவ்ளோ சொன்னாலும் தகும். நான் முதல்ல வாங்கினது துணில தெச்ச ஒரு மலிவு ஹோல்ஸ்டர், எல்லா சைஸுக்கும் பொருந்தும்னு போட்டிருந்துது. துப்பாக்கிய வெளிய எடுத்ததும் வாய் மூடிக்கும், திரும்ப வைக்க இன்னொரு கை வேணும், அதை விட மோசம் ட்ரிகர் மேல இருக்கற துணி மெல்லிசா இருந்துது, வெளியிலேர்ந்து அழுத்தினா விரலுக்கு ட்ரிகர் தட்டுப்படுது. அன்னைக்கே குப்பைல போட்டேன், நீங்களும் போடுங்க. இந்த மாதிரி பிஸ்டல்ல பல மாடலுக்கு தனி சேஃப்டி பட்டன் கிடையாது, ட்ரிகர முழுசா மூடற கெட்டியான கைடெக்ஸ் (ஒரு வகை பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் தான் சேஃப்டி. உங்க மாடலுக்குன்னே வார்த்ததா இருக்கணும்.

கைடெக்ஸ்ல ரெண்டு சமாச்சாரம் கேட்டு வாங்குங்க. ஒண்ணு, கிளா. ட்ரிகர் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கற சின்ன துண்டு, பெல்ட் அதை உள்ள அழுத்தும்போது கிரிப் உடம்பு பக்கம் திரும்பிடும். ரெண்டாவது, அடில ஒட்டற ஸ்பாஞ்சு மாதிரி வெட்ஜ், அது பேரல் நுனிய வெளிய தள்ளும், அப்ப மேல இருக்கற கிரிப் தானா வயித்தோட ஒட்டிக்கும். இந்த ரெண்டும் போட்டு, ஹோல்ஸ்டர 4 மணி இடத்துலேர்ந்து (இடுப்ப கடிகாரமா நினைச்சா தொப்புள் 12 மணி, 4 மணி வலது பக்கம் கொஞ்சம் பின்னாடி) முன்பக்கம் கொண்டு வந்ததும் அந்த முக்கோணம் காணாம போச்சு. தொப்பை இருக்கறவங்களுக்கு முன்பக்கம் உக்காரும்போது குத்தும், அவங்க இடுப்பு எலும்புக்கு கொஞ்சம் பின்னாடி வெச்சுப் பாருங்க. பெல்ட் கெட்டியா இருக்கணும், சாதா பெல்ட் அரை நாள்ல மடங்கி தொங்கும், அப்புறம் நாள் பூரா பேன்ட்ட இழுத்து விட்டுக்கிட்டே இருப்பீங்க, அதைப் பாத்தே தெரிஞ்சவங்க கண்டுபுடிச்சுடுவாங்க. ஹோல்ஸ்டர் ஸ்க்ரூ எல்லாம் தினசரி அசைவுல லூசாகும், எனக்கு ஒரு தடவை கிளிப் கழண்டு நடுரோட்டுல புடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன், வாங்கின அன்னைக்கே ஸ்க்ரூ கழலாம புடிச்சுக்கற த்ரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு விட்டு முறுக்கிடுங்க.

துப்பாக்கிய திரும்ப உள்ள வைக்கும்போது அவசரமே படாதீங்க. எடுக்கும்போது வேகம் வேணும், வைக்கும்போது எந்த அவசரமும் கிடையாது. சட்டை நுனி, ஜாக்கெட்ல தொங்கற கயிறு இதெல்லாம் ட்ரிகர சுத்தி இருக்கற வளையத்துக்குள்ள (ட்ரிகர் கார்டு) மாட்டி வெடிக்க வாய்ப்பு இருக்கு. நான் சட்டைய இன்னொரு கையால நெஞ்சு வரைக்கும் தூக்கி, குனிஞ்சு கண்ணால பாத்துட்டு தான் வைப்பேன்.

வீட்ல அவங்களுக்கு வாங்கினது ஷீல்ட் பிளஸ். 10 ரவுண்டு மேகசின் ஒண்ணு, 13 ரவுண்டு ஒண்ணு, ட்ரிகர் முன்பக்கம் தட்டையா இருக்கும், விரல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல உக்காரும், அது அவங்களுக்கு ரொம்ப புடிச்சு போச்சு. கட்டைவிரலால போடற தம்ப் சேஃப்டி வெச்சும் வருது, இல்லாமலும் வருது, அவங்க வெச்சது கேட்டாங்க. சின்ன பிஸ்டல்ல ஸ்லைடு குட்டையா இருக்கறதால ஸ்பிரிங் இறுக்கமா இருக்கும், முதல் நாள் அவங்களால இழுக்கவே முடியல. பின்னாடி இழுக்கறத மட்டும் பாக்காம, ஸ்லைட ஒரு கையால கெட்டியா புடிச்சுக்கிட்டு துப்பாக்கிய இன்னொரு கையால முன்னாடி தள்ளச் சொன்னாங்க ரேஞ்சுல, மூணாவது முயற்சில வந்துடுச்சு. அன்னைக்கே ரெண்டு தடவை சுட்ட தோட்டாவோட காலி கேஸ் (பித்தளை கூடு) வெளிய விழாம ஸ்லைடுல சிக்கி நின்னுது, துப்பாக்கி கோளாறுன்னு நினைச்சோம், இல்ல, மணிக்கட்டு தளர்ந்திருந்துது. கை பின்னாடி போனா ஸ்லைடு முழு தூரம் போகாது, லேசான பிஸ்டல்ல இது சீக்கிரமே தெரியும். கையை இறுக்கினதும் நின்னு போச்சு. சுண்டுவிரல் கிரிப்ல இருந்தா மணிக்கட்டு தானா இறுகும்ங்கறத அன்னைக்கு ரெண்டு பேருமே பாத்தோம்.

தோட்டா விஷயம் சுருக்கமா. பயிற்சிக்கு சாதா எஃப்எம்ஜே (முழுசா உலோக உறை போட்ட தோட்டா), இடுப்புல இருக்கறதுக்கு ஹாலோ பாயிண்ட் (நுனில குழி இருக்கற தோட்டா), ஏன்னா அது உள்ள போயி விரிஞ்சு நின்னுடும், ஊடுருவி பின்னாடி நிக்கறவங்க மேல படற ஆபத்து குறைச்சல். எஃப்பிஐ டெஸ்ட்ல உடம்பு சதைக்கு பதிலா வைக்கற ஜெல்லுக்குள்ள 12-லேர்ந்து 18 இன்ச் வரைக்கும் போகணும்னு அளவு வெச்சிருக்காங்க. குட்டை பேரல்ல வேகம் குறையும், அதனால முழு சைஸ் துப்பாக்கில விரியற தோட்டா எல்லாம் இதுலயும் அதே மாதிரி விரியும்னு நம்பிடாதீங்க. ஃபெடரல் ஹெச்எஸ்டி, ஸ்பியர் கோல்ட் டாட் ரெண்டும் என் துப்பாக்கில சிக்காம ஓடுச்சு, எதை வாங்கினாலும் உங்களோடதுல நீங்களே சுட்டுப் பாத்துட்டு தான் நம்பணும். அப்புறம் தினமும் ராத்திரி தோட்டாவ வெளிய எடுத்து காலைல அதையே திரும்ப சேம்பர்ல ஏத்தாதீங்க, இடிச்சு இடிச்சு புல்லட் கேஸுக்குள்ள அமுங்கிடும், அப்படி அமுங்கினத சுட்டா உள்ள பிரஷர் எகிறிடும். நான் ஹோல்ஸ்டரோட சேத்து கழட்டி அப்படியே பூட்டுப் பெட்டில வெச்சுடுவேன். வீட்ல குழந்தை இருக்கு, இடுப்புல இல்லாத நேரம் எல்லாம் அது பூட்டுக்குள்ள தான், மேசை மேல ரெண்டு நிமிஷம் கூட கிடையாது.

வேர்வை பெரிய தொல்லை. வெயில் காலத்துல வாரம் ஒரு தடவை தொடச்சு, பேரல்ல பஞ்சும் நூலும் சேந்திருக்கான்னு பாக்கணும். ஸ்லைடு கோட்டிங் நல்லா தாங்குது, சின்ன ஸ்க்ரூ, சைட் ஓரம் இதுல தான் முதல்ல துரு புடிக்கும்.

அமெரிக்கால இருக்கற நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணு. ஹெச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசால இருக்கறவங்க துப்பாக்கி வெச்சிருக்கறதுக்கே ஃபெடரல் சட்டத்துல தடை இருக்கு, சில விதிவிலக்கு தவிர, நண்பர் வீட்டுல தானேன்னு கூட அலட்சியமா இருந்துடாதீங்க, முதல்ல வக்கீல கேளுங்க. கிரீன் கார்டு இருந்தா வாங்கலாம். பாதிக்கும் மேல மாநிலங்கள்ல இப்ப பெர்மிட் இல்லாமலே மறைச்சு வெச்சுக்கலாம், ஆனா பக்கத்து மாநிலத்துல அது குத்தமா இருக்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சில 10 ரவுண்டுக்கு மேல மேகசின் கூடாது, அங்க இருக்கறவங்களுக்கு 13, 15 எல்லாம் பேச்சுக்கே இல்ல, அதனால கிரிப்ப மட்டும் பாத்து வாங்கலாம்.

கடைக்கு போனா இதை செஞ்சு பாருங்க. துப்பாக்கி காலின்னு நீங்களே பாத்துட்டு, கையில புடிச்சு, கண்ண மூடிக்கிட்டு கெட்டியா அழுத்துங்க. சுண்டுவிரல் கிரிப்ல இருந்தா அந்த மாடல வாடகைக்கு எடுத்து ரேஞ்சுல 50 சுடுங்க, ஐம்பதாவதும் முதல்ல விழுந்த இடத்துலயே விழுந்தா வாங்குங்க. விரல் வெளிய தொங்கினா அந்த மாடல் மேகசினுக்கு நீட்டல் இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா வெச்சுட்டு அடுத்தத எடுங்க. எனக்கு 43எக்ஸ், அவங்களுக்கு ஷீல்ட் பிளஸ், பி365 இப்ப பெட்டில இருக்கு, மெல்லிசா சட்டை போடற நாள்ல மட்டும் வெளிய வரும், அந்த நீட்டல் மேகசினோட.