மரத்தில் மரை: வெட்டுவதா, பதிப்பதா, வார்ப்பதா?

கழற்றிக் கழற்றிப் பூட்டும் கட்டிலுக்கும் மேசைக்கும் திருகாணி தாங்காது. போல்ட்டுக்கு மரை, அதாவது அது திருகிப் பிடிக்கும் சுருள் வெட்டு, வேண்டும். திருகோணமலையில் எந்த வழி நல்லது என்பதை முதலில் மரமும் அடுத்துக் கடற்காற்றும் தீர்மானிக்கின்றன.

முதிரை, பாலை போன்ற இறுகிய மரமென்றால் என் தெரிவு நேரே வெட்டுவதுதான். இரும்பில் மரை வெட்டும் அதே டாப் போதும். 8 மி.மீ. போல்ட்டுக்கு இரும்பில் 6.8 மி.மீ. துளை இடுவார்கள், மரத்தில் 6.5 மி.மீ. இட்டால் மரை முழுமையாக விழும். வெட்டியபின் தண்ணீராய் ஓடும் சூப்பர் குளூவைத் துளைக்குள் ஊறவிட்டு, நன்றாகக் காய்ந்ததும் டாப்பை மறுபடி ஓட்ட வேண்டும். பசை நார்களைப் பிணைப்பதால் மரையின் விளிம்பு உதிராது. செலவும் மிகக் குறைவு. ஆனால் நார் ஓடும் திசையிலேயே துளை போகும் முனைப்பக்கத்தில் இதை நம்பாதீர்கள். இழுவிசை வந்தால் மரை சுலபமாகப் பிய்ந்துவிடும்.

உள்ளும் புறமும் மரை கொண்ட பித்தளை நட்டைப் பதிப்பது பலருக்குப் பிடித்த வழி. நூறு முறை கழற்றினாலும் தேயாது என்பது உண்மை. ஆனால் அதற்குப் பெரிய துளை வேண்டும். ஓரத்துக்கு அருகில் பதித்தால் பலகை பிளக்கும். திருப்புளியால் முறுக்கினால் நட்டின் தலையிலுள்ள பித்தளைப் பிளவு உடைகிறது. ஒரு போல்ட்டில் நட்டைப் பூட்டி இறுக்கி, அதைக்கொண்டே நேராக இறக்குங்கள். கடலோரமான உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இதில் சாதாரண இரும்பு போல்ட்டைப் போடவே கூடாது. உப்பு ஈரத்தில் பித்தளையைத் தொடும் இரும்பு இன்னும் விரைவாகத் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்கு போல்ட்டுக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

மா போன்ற மென்மரத்துக்கும், முனைப்பக்கத்துக்கும், மரை அழிந்த பழைய துளைக்கும் எபொக்சியே, அதாவது இரண்டைக் கலந்தால் இறுகும் பசையே, நல்லது. துளையை அகலமாக்கி, மரத்தூள் கலந்த எபொக்சியை நிரப்பி, மெழுகு பூசிய போல்ட்டை நிறுத்தி, இறுகியபின் திருகி எடுத்தால் மரை வார்க்கப்பட்டிருக்கும். துளைச் சுவரும் அடைபடுவதால் வாடைக்கால ஈரம் அவ்வழியே நாருக்குள் இறங்காது. வெயில்தான் இதன் எதிரி: சாதாரண எபொக்சி கடுஞ்சூட்டில் இளகும். நாள் முழுவதும் வெயிலில் கிடக்கும் கடற்கரைக் கதிரைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அங்கே பலகையை ஊடுருவிப் போகும் போல்ட்டும், பின்புறம் வாசரும் நட்டும்தான் சரி.