எஸ்ஜி அரைவல் கார்டு: சிங்கப்பூர் போகுமுன் நிரப்பும் படிவம் எப்படி?

சிங்கப்பூருக்குள் நுழையும் வெளிநாட்டுப் பயணிகள் முன்பு விமானத்தில் நிரப்பிய காகித அட்டைக்குப் பதிலாக வந்தது எஸ்ஜி அரைவல் கார்டு. ஐசிஏ எனப்படும் குடிநுழைவு ஆணையம் நடத்தும் இணையச் சேவை இது. மைஐசிஏ செயலியிலும் நிரப்பலாம். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கையில் இருந்தால் ஒருவருக்குப் பத்து நிமிடம் தாராளம்.

கட்டணம் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், கூகுளில் தேடினால் இதே படிவத்தை நிரப்பித் தருவதாகச் சொல்லிக் காசு பிடுங்கும் தனியார் தளங்களும் வருகின்றன. பணம் கட்டும் பக்கம் வந்தால் உடனே மூடிவிடுங்கள். அசல் முகவரி 'ஐசிஏ டாட் கவ் டாட் எஸ்ஜி' என்பதில்தான் இருக்கும்.

அடுத்த குழப்பம் பெயரால் வருவது. இந்தக் கார்டு விசா அல்ல. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா தனியாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஏஜெண்டு வழியாக, 14ஏ என்ற விசா விண்ணப்பப் படிவத்தோடு, பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், திரும்பக் கிடைக்காது. ஏஜெண்டு தன் கூலியை இதற்கு மேல் சேர்ப்பார். படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, மூன்று மாதத்துக்குள் எடுத்தது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

கார்டை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அனுப்ப முடியும். 15ஆம் தேதி இறங்குபவருக்கு 13ஆம் தேதிதான் திறக்கும். பிள்ளைகள் நிரப்பித் தந்தால்தான் உண்டு என்றிருக்கும் பெரியவர்களுக்கு இந்த அவகாசம் குறைவு. இந்தச் சேவையில் குறை என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். சென்னையிலோ திருச்சியிலோ இரவில் ஏறுபவர்கள் தவறுவது தேதியில். விமானம் மறுநாள் காலையில் இறங்கும், சிங்கப்பூர் நேரமும் நமக்கு இரண்டரை மணி முன்னால். படிவம் கேட்பது இறங்கும் தேதியை, ஏறும் தேதியை அல்ல.

பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். இனிஷியலோடு 'ஆர். குமார்' என்று எழுதிப் பழகியவர்கள், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் முழுதாகவே தட்டச்ச வேண்டும். இந்திய பாஸ்போர்ட் எண்ணில் பொதுவாக முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கம். ஆகவே அப்படிப்பட்ட எண்ணின் நடுவில் வட்டமாகத் தெரிவது சுழியம்தான், 'ஓ' அல்ல. உறவினர் வீட்டில் தங்குவோர் அஞ்சல் குறியீட்டை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே அது ஆறு இலக்கம்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானம் மட்டும் மாறி ஆஸ்திரேலியா போகிறவர்கள், குடிநுழைவைக் கடக்காதவரை இதை நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்து, பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால் கதை மாறிவிடும்: கார்டோடு நுழைவு அனுமதியும் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜொகூருக்குப் போய் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி வழியாகத் திரும்பும் சுற்றுலாப் பயணி, திரும்பும்போது புதிதாக ஒன்று அனுப்ப வேண்டும். பழையது செல்லாது.

மின்னஞ்சல் முகவரியை இரண்டு முறை சரிபாருங்கள். ஏற்பு மின்னஞ்சல் மட்டுமல்ல, நுழைந்த பிறகு முத்திரைக்குப் பதிலாகத் தரப்படும் இ-பாஸும் அதே முகவரிக்குத்தான் வரும். எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இந்த இ-பாஸ். விசா இரண்டு வருடத்துக்கு இருக்கிறது என்பதால் இரண்டு வருடம் தங்கலாம் என்று பொருளல்ல. இ-பாஸில் உள்ள கடைசித் தேதியைத் திரும்பும் டிக்கெட்டோடு அன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.