அடிபட்ட முழங்காலுக்கு விலை பேச வார்ட்டுக்கே வருகிறார்கள், கவனம்

திருகோணமலையில் வாகன விபத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவர்களின் வீட்டுக்காரர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். "இன்சூரன்ஸ் காசு எடுத்துத் தாறன்" என்று வார்ட்டுக்கே வரும் ஆட்களிடம் ஒரு கையெழுத்தும் போட வேண்டாம். ஒரு அசல் தாளும் கொடுக்க வேண்டாம்.

என் தம்பி டைல் பதிக்கிறவன். நிலாவெளிப் பக்கம் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வரும்போது, எதிரே வந்த கார் சிக்னல் போடாமல் ஹோட்டல் ஒழுங்கைக்குள் வெட்டித் திரும்பியது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, ஒப்பரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். கார்க்காரர் நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிற காசு. காலுக்கு நட்டஈடு வேண்டுமென்றால் காரின் காப்புறுதிக் கம்பனியோடு பேசித் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போட வேண்டும். இது ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. வார்ட்டுக்கு எங்களைத் தேடி வந்த ஆளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பார்வையாளர் நேரத்தில் வந்தார். கையில் ஃபைல், வாய் நிறைய ஆறுதல். "தங்கச்சி, நீங்கள் ஒன்றுக்கும் அலையத் தேவையில்லை, கம்பனிக்குள்ள எனக்கு ஆள் இருக்கு" என்றார். சட்டத்தரணியா என்று கேட்டதற்கு, "சட்டத்தரணிமாரோடதான் வேலை" என்று நழுவினார். டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி எல்லாம் அசலாகவே போயின. வலி மருந்தின் மயக்கத்தில் கிடந்த தம்பியிடம் கையெழுத்து வாங்கிய தாள்களில் சில வெறும் வெள்ளைத் தாள்கள்.

பிறகு கணக்குப் பார்த்தார் பாருங்கள், அதை மறக்கவே முடியாது. பார்மசியில் மருந்து போட்டுத் தந்த கடதாசி உறையைத் திருப்பி, அதன் முதுகில் எழுதினார். "பில் எங்கே?" என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு ஏது பில்? வெளியே வாங்கிய மருந்து, ஓட்டோக் காசு, ஊன்றுகோல், இவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. "செலவே இல்லாத கேஸுக்குக் கம்பனி என்னத்தைக் கொடுக்கிறது?" என்று அலுத்துக்கொண்டு, சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து மூன்றரை லட்சம் என்று கோடு கீறினார். தயங்கியபோது பயம் காட்டினார்: "தம்பியும் வேகமாய் வந்தவன் எண்டு அவங்கள் சொன்னால் ஒரு சதமும் கிடைக்காது."

காசு வந்த அன்று வங்கி வாசலிலேயே நின்று, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணிப் பாதியை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம்தான் உண்மையான நட்டம் வெளியே வந்தது. தம்பி நடக்கிறான், சைக்கிள்கூட ஓடுகிறான். ஆனால் முழங்காலை மடித்து நிலத்தில் குந்த முடியாது. டைல் வேலை முழுவதும் குந்தியிருந்து செய்கிற வேலை. நாளுக்கு 5,000 ரூபாய் உழைத்தவன் இப்போது மற்றவர்களுக்குச் சீமெந்து குழைத்துக் கொடுக்கிறான். பிளேட்டைக் கழற்ற இன்னொரு ஒப்பரேஷனும் இருக்கிறது. இதையெல்லாம் கம்பனியிடம் கொண்டுபோய்க் கேட்டால், அவன் கையெழுத்திட்ட ஆங்கிலத் தாளைக் காட்டுகிறார்கள்: முழுமையான, இறுதியான தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.

பிறகு நாங்கள் பார்த்த சட்டத்தரணி அந்த உறைக் கணக்கைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். பில் என்பது நட்டஈட்டில் ஒரு சின்னப் பகுதி மட்டும்தானாம். இதுவரை இழந்த உழைப்பு, இனி இழக்கப்போகும் உழைப்பு, இனி வரும் வைத்தியச் செலவு, பட்ட வலி, வாழ்க்கையில் செய்ய முடியாமல் போனவை, இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்கலாம். ஒரே முழங்கால் காயம் கந்தோரில் இருந்து எழுதுகிறவருக்கு ஒரு தொகை, டைல் பதிக்கிறவனுக்கு வேறு தொகை. எதிர்கால உழைப்பை மாதச் சம்பளத்தால் அப்படியே பெருக்கித் தரமாட்டார்கள். மொத்தமாக முன்கூட்டியே கையில் கிடைப்பதால் குறைப்பார்கள். குறைத்தாலும் மூன்றரை லட்சத்தில் வந்து நிற்காது.

வேகக் கதையும் பச்சைப் பொய். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, அடிபட்டவரிலும் கவனக்குறைவு இருந்தால் அந்தப் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும். அதற்காக முழுவதும் போய்விடாது.

கம்பனியைத் திட்டி எனக்குப் பெரிய பிரயோசனம் இல்லை. குறைவாகக் கொடுத்து ஃபைலை மூடுவது அவர்கள் தொழில். எங்கள் பக்கம் நிற்பதாகச் சொல்லிப் பாதியை விழுங்கிய ஆளில்தான் எனக்கு ஆத்திரம்.

எலும்பு பொருந்தி, இனி இதற்குமேல் கால் தேறாது என்று எலும்பு வைத்திய நிபுணர் எழுத்தில் தரும்வரை "இறுதித் தீர்வு" என்ற தாளில் கை வைக்காதீர்கள். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை காயம் எவ்வளவு கடுமையானது என்று சொல்லும். நிரந்தர இயலாமை எத்தனை வீதம், என்ன வேலை செய்ய முடியாது என்பதற்கு நிபுணரின் அறிக்கையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நாட்சம்பளக்காரரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. அதனால் வேலை தந்தவர்களின் கடிதம், வங்கிப் புத்தகம், வேலைக் கணக்கு எழுதிய கொப்பி, ஏன், செய்து முடித்த தரைகளின் போன் படங்கள்கூட உதவும். தம்பியின் கொப்பியில் வீட்டுக்காரர் பெயரும் சதுர அடியும் திகதியோடு இருந்தன. அந்த ஆள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்காக ஒரேயடியாகக் காத்திருக்கவும் கூடாது. இப்படியான நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கம்பனியோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் கெடு நிற்கும் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால், கார்க்காரருக்கு எதிரான தீர்ப்புக் காசைக் கம்பனியிடம் வாங்கலாம். அதற்கு வழக்குப் பற்றிக் கம்பனிக்கு முறைப்படி அறிவித்தல் போயிருக்க வேண்டும். ஆகவே விபத்து நடந்த இடத்திலேயே காரின் இலக்கத்தையும் காப்புறுதி அட்டையையும் யாராவது படம் எடுத்து வையுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றுதான் பலர் இந்த ஆட்களிடம் போகிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

எங்கள் விஷயத்தில், இரண்டு வருடம் முடியுமுன் வழக்குத் தாக்கலாகிவிட்டது. அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் பாரம் எங்கள் தலையில், லேசான காரியமில்லை என்று சட்டத்தரணி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அந்த ஆளுக்கு எதிராகப் பொலிஸில் முறைப்பாடும் இருக்கிறது. அதனால் பெயரை இங்கே எழுதவில்லை, கொமெண்டில் கேட்காதீர்கள். அவரிடம் இதேபோல் காசு இழந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சாட்சிக்கு ஆள் தேவைப்படுகிறது.