தொடுவதை அறியும் செயற்கைக் கை: பினாங்கில் ஐந்து மாத அனுபவம்

பினாங்கின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தில் இடக்கையை முழங்கைக்குக் கீழே இழந்த என் தம்பி, இப்போது ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலுள்ள எங்கள் பூக்கடையில் இருக்கிறான். விரல் நுனியில் உணர்வுத் தோல் உண்டு, தொட்டால் தெரியும் என்று இங்குள்ள செயற்கை உறுப்பு மையம் ஒன்றில் சொன்னதை நம்பித்தான் அவனுக்கு இந்தக் கையை வாங்கினோம். பிடிமானத்துக்கு இது நல்ல கைதான். ஆனால், தொடு உணர்வு என்று சொல்லி விற்றது சரியல்ல.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் சிலிக்கோன் உறைக்கு அடியில் அழுத்த உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் கூடக் கூட, மேற்கையில் கட்டிய பட்டையிலுள்ள சிறு மோட்டார் வேகமாக அதிர்கிறது. எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்பதைத் தம்பி அதைக் கொண்டே கணிக்கிறான். முதல் வாரம் பிளாஸ்டிக் பையில் பங்கூஸ் (பொட்டலம்) கட்டி வாங்கிய தே தாரிக் தேநீரை நசுக்கி மேசையெல்லாம் ஊற்றியவன், மூன்றாம் வாரத்தில் அதே போன்ற பையைப் பிடித்தபடி, கையைப் பார்க்காமலேயே என்னிடம் கணக்குப் பேசிக்கொண்டிருந்தான். பழைய செயற்கைக் கையில் இருந்து அவனால் கண்ணை எடுக்கவே முடிந்ததில்லை.

மல்லிகை தொடுப்பதில்தான் குறை வெளிப்பட்டது. வலக்கை நூலைச் சுற்றி முடிச்சிடும் வரை, இடக்கை விரல்கள் மொட்டுகளின் காம்புகளை நசுக்காமல் பிடித்திருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய அழுத்தம் அந்த உணரிக்கு எட்டுவதில்லை. பட்டை அதிரத் தொடங்கும்போது காம்பு நசுங்கியிருக்கும். எனவே, தொடுப்பது இன்னமும் அம்மாதான்.

தோல் என்று சொல்லத்தக்கது வேறு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2018இல் துணியும் ரப்பரும் அடுக்கிச் செய்த மின்தோல், உருண்டையான பொருளையும் கூரான பொருளையும் பிரித்தறிந்து, எஞ்சிய கையின் நரம்புகளை மேலிருந்தே மின்சாரத்தால் தூண்டியதால், அந்த உணர்வு, இழந்த கையிலேயே இருப்பதுபோல் தோன்றியது. நமக்கு அண்டை வீடான சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2019இல் அறிவித்த மின்தோலோ, மனித நரம்பு மண்டலத்தைவிட 1,000 மடங்குக்கு மேல் வேகமாகத் தொடுதலை அறியக்கூடியது. மையத்தின் கையேட்டில் அச்சிட்டிருந்தது இத்தகைய ஆய்வுக்கூடத் தோலின் படம். எங்களுக்குக் கிடைத்தது அதிரும் பட்டை.

நண்பகல் வெக்கையில், எஞ்சிய கையைச் செருகும் சாக்கெட்டுக்குள் வியர்வை ஊறினால், தசையின் சமிக்ஞையை வாங்கும் மின்முனைகள் தடுமாறி, சில சமயம் கை தானாகத் திறந்துவிடுகிறது. தொழில்நுட்பர் முகம் சுளிக்காமல் மூன்று முறை சாக்கெட்டைச் சரிசெய்து கொடுத்தார்; அவர்மீது எனக்குக் குறையில்லை.

வாங்க நினைப்பவர்கள், உணர்வு விரலில் தெரியுமா, மேற்கையில் தெரியுமா என்று முதலிலேயே கேளுங்கள். அங்கே தரும் பிளாஸ்டிக் பந்தோடு நின்றுவிடாமல், உங்கள் வேலைக்குரிய பொருளையும் எடுத்துச் சென்று பிடித்துப் பாருங்கள். உறையில் படிந்த மஞ்சள் கறை போவதில்லை. மாற்று உறைக்குத் தனிக் கட்டணம் உண்டு.