பன்னிக்குட்டி ஆப்ல வாங்கப் போறீங்களா? 88,400 ரூபா போனவ சொல்றேன், ஒரு நிமிஷம் நில்லுங்க

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நேத்து ராத்திரி பதினோராவது குட்டியும் போயிடுச்சு. கொட்டுற மழையில நான் டார்ச் புடிச்சு நிக்க, எங்க வீட்டுக்காரரும் பக்கத்து லைன் பையனும் மம்பட்டி வச்சு குழி வெட்டினாங்க. இங்க நீலகிரில ஜேசிபி இறக்கணும்னா பர்மிஷன் வாங்கணும், ராத்திரி பத்து மணிக்கு எங்க போய் வாங்க. மொத்தம் 88,400 ரூபா. குழுவுல லோன் போட்ட காசு. என்னென்ன பாத்து வாங்கணும்னு கடைசில விவரமா எழுதுறேன், முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன்.

நாங்க கூடலூர்ல இருந்து பந்தலூர் போற வழியில உள்ள தள்ளி இருக்கோம். அவரு எஸ்டேட் வேலை, நான் வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஷெட் போட்டு பன்னி வளக்குறேன், நாலு வருஷமா. கருப்பின்னு ஒரு தாய்ப்பன்னி, அவ போட்டதுல விக்காம வச்ச ரெண்டு கெடா, அவ்ளோதான். கிறிஸ்துமஸுக்கு இங்க கறிக்கு நல்ல கிராக்கி இருக்கும், ஆடியிலயே வெள்ளைக்குட்டி வாங்கி விட்டா அதுக்குள்ள ஓரளவு எடை ஏறிடும்னு கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான், ஆள்தான் தப்பு.

மாடு, ஆடு, கோழி, நாய்க்குட்டின்னு எல்லாம் வாங்க விக்க ஒரு ஆப் இருக்கு, பேரு வேணாம். அதுல ஒரு ஃபார்ம் விளம்பரம். பேருக்குப் பக்கத்துல பச்சை டிக், 'வெரிஃபைடு விற்பனையாளர்'னு போட்டிருந்துச்சு. அறுபது நாள் குட்டி, ஒண்ணு 5,500, 'எல்லா தடுப்பூசியும் போடப்பட்டது, ஆப்பிரிக்கன் பன்றிக் காய்ச்சல் உட்பட'. இந்த 'உட்பட'ல தான் நான் விழுந்தேன்.

ஏன்னா எங்க பக்கம் அந்த வியாதி பேரைக் கேட்டாலே வயிறு கலங்கும். 2022 ஜூலைல பக்கத்துல வயநாடு மானந்தவாடில வந்து ஃபார்ம் ஃபார்மா பன்னியைக் கொன்னு புதைச்சாங்க, கேரளாக்காரங்க வெளில இருந்து பன்னி ஏத்திட்டு வர்றதையே நிறுத்தினாங்க. 2023 ஜனவரில முதுமலைல காட்டுப்பன்னி வரிசையா செத்துச்சு, அதுவும் அதே வியாதிதான்னு வந்துச்சு. ரெண்டு பக்கமும் அது, நடுவுல நாங்க. அப்போ ஒருத்தன் அதுக்கே ஊசி போட்டிருக்கேன்னு சொன்னா யாருக்கா இருந்தாலும் நிம்மதியா இருக்குமா இருக்காதா?

போன் பண்ணினேன். அக்கா அக்கான்னு தேன் ஒழுகப் பேசினான். 'நீங்க நேர்ல வர வேணாம்க்கா, மழையில எதுக்கு மலை இறங்கணும், வீடியோ கால்லயே காட்டுறேன்'னான். காட்டினான். கழுவி விட்ட தரை, ஆட்டோமேட்டிக் தண்ணிக் குழாய், குட்டி எல்லாம் ரோஸ் கலர்ல தளதளன்னு. நான் குட்டியைத் தேர்ந்தெடுக்க எடுக்க ஒவ்வொண்ணுத்துக்கும் காதுக்குப் பின்னாடி ஊசி குத்தினான், 'பாத்துக்கோங்கக்கா, உங்க கண்ணு முன்னாடியே போடுறேன், பின்னாடி யாரும் ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது'ன்னு வேற சொன்னான். அந்த சிரிஞ்சில இருந்த மருந்து டிக்காஷன் கலர்ல இருந்துச்சு. நல்ல திக்கான டிக்காஷன். கருப்பி ரெண்டு ஈத்து போட்டப்போ மூணாம் நாள் குட்டிக்கு இரும்புச்சத்துக்குன்னு அயர்ன் ஊசி போட்டவ தான் நான், அந்தக் கலர் எனக்குத் தெரியாதா? தெரியும். அன்னைக்கு கண்ணு பாத்துச்சு, புத்தி பாக்கல.

அப்படியே ஜிபேல போட்டேன். 14 குட்டிக்கு 77,000, வண்டி வாடகை 6,500, 'வேக்சின் பேக்கேஜ்'னு 4,900. மொத்தம் 88,400. பேக்கேஜ்ல பூஸ்டர் பாட்டில் ஒண்ணும், குட்டிக்கு ஒரு கார்டும் வரும்னான்.

ரெண்டாம் நாள் விடியக்காலை குட்டியானை வண்டி வந்துச்சு. மேட்டுப்பாளையம் வழியா மலை ஏறி, ஊட்டி குளிருல, நடுவட்டம் இறங்கி வந்திருக்கு, குட்டிங்க எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நடுங்கிக்கிட்டு கெடந்துச்சு. டிரைவர் கிட்ட பூஸ்டர் எங்க தம்பின்னு கேட்டேன். சட்டைப் பாக்கெட்ல கை விட்டு, பீடிக்கட்டுக்கு அடியில இருந்து எடுத்துக் குடுத்தான். பாட்டில் வெதுவெதுன்னு இருந்துச்சு. அவன் உடம்புச் சூடு. தடுப்பூசி மருந்துன்னா 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள ஐஸ்லயே வரணும்னு கால்நடை கேம்ப்ல டாக்டரம்மா எத்தனை தடவ சொல்லிருக்காங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா, அதைக் கொண்டு போய் ஃப்ரிட்ஜ்ல தேங்கா மூடிக்குப் பக்கத்துல பத்திரமா வச்சேன். இன்னும் அங்கதான் இருக்கு. அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலயே பத்திக்கிட்டு வருது.

என் தப்பையும் சொல்லிடுறேன். புதுசா வர்ற பன்னியை ஒரு மாசமாவது தனியா வைக்கணும், தனி பக்கெட்டு, தனி செருப்பு, முதல்ல பழைய பன்னிக்குத் தீனி வச்சிட்டுத்தான் புதுசுகிட்ட போகணும். தெரியும். மழைக்கு இன்னொரு ஷெட் போட வழியில்ல, ஊசிதான் போட்டாச்சேன்னு நடுவுல ஒரு பலகை அடிச்சு அதே ஷெட்ல விட்டேன். அந்த பச்சை டிக்கும் கார்டும் இல்லைன்னா சத்தியமா விட்டிருக்க மாட்டேன்.

அஞ்சாம் நாள் ரெண்டு குட்டி தீனிப்பக்கம் வரல. கண்ணுல பீளை கட்டி ஒட்டிக்கிச்சு. மறுநாள் எல்லாம் மூலையில குமிஞ்சு படுத்திருந்துச்சு, கிளப்பி விட்டா பின்னங்கால் தள்ளாடுது, குடிச்சவன் மாதிரி. காது நுனியும் வயிறும் செவந்து, அப்புறம் நாவப்பழக் கலருக்குப் போச்சு. காய்ச்சல் 106. பன்னிக்கு 102 தான் சாதாரணம்.

அவனுக்குப் போன் பண்ணினேன். 'குளிர் தாங்கலக்கா, மலைக்குக் கொண்டு போனா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்.' மறுநாள் பண்ணினேன். 'என்ன தீனி போட்டீங்க? ஹோட்டல் வேஸ்ட்டா? அதான்க்கா, நீங்களே கெடுத்துட்டீங்க.' யோவ், ஹோட்டல் வேஸ்ட்டை அண்டால போட்டு அரைமணி நேரம் தளதளன்னு கொதிக்க விட்டு ஆற வச்சுத்தான் ஊத்துறேன் நாலு வருஷமா, அதுவும் கருப்பிக்குத்தான், குட்டிக்கு தீவனம்தான் போட்டேன்! மூணாவது நாள் 'இம்யூனிட்டி பவுடர் இருக்கு, 1,800 போட்டு விடுங்க, கொரியர் பண்றேன்'னான். அதையும் போட இருந்தேன், அவருதான் போனைப் புடுங்கினாரு. அதுக்கப்புறம் மெசேஜ் போட்டா ஒத்த டிக். பிளாக்.

ஆப்காரங்க அதுக்கு மேல. முதல்ல மெஷின் பேசுச்சு. அப்புறம் ஒரு பொண்ணு, 'உங்க சிரமத்துக்கு வருந்துறோம் மேம், 24 மணி நேரத்துல எங்க டீம் கூப்பிடுவாங்க'ன்னுச்சு. கூப்பிடல. நாலு தடவ நானே கூப்பிட்டேன், நாலு தடவையும் வேற வேற ஆளு, நாலு பேருக்கும் முதல்ல இருந்து கதை சொன்னேன். கடைசில ஒருத்தன் 'மேம், நாங்க வாங்குறவரையும் விக்குறவரையும் சேத்து மட்டும்தான் விடுறோம், பொருளுக்கு நாங்க பொறுப்பில்ல'ங்குறான். அப்போ அந்த பச்சை டிக் எதுக்குடான்னு கேட்டேன். அது போன் நம்பரை வெரிஃபை பண்ணினதாம்! ஃபார்மை இல்ல, ஊசியை இல்ல, போன் நம்பரை! அப்புறம் ஒரு மெசேஜ் வந்துச்சு, அடுத்த தடவ வாங்கும்போது 250 ரூபா தள்ளுபடி கூப்பன். 88,400 போனவளுக்கு 250 கூப்பன்.

இதுக்கு நடுவுல டாக்டரம்மா மழையில வந்து பாத்தாங்க. கார்டு பதினாலையும் வரிசையா திண்ணையில பரப்பினாங்க. எல்லாத்துலயும் ஒரே பேட்ச் நம்பர், ஒரே பேனா, ஒரே கையெழுத்து, தேதி கூட ஒரே மூச்சுல எழுதின மாதிரி. 'ஆப்பிரிக்கன் காய்ச்சலுக்கு நம்ம நாட்டுல விக்கிற தடுப்பூசியே கிடையாதும்மா, யார் போட்டேன்னு சொன்னாலும் பொய்'னாங்க. இங்க இல்லாத ஒண்ணை எனக்கு 4,900க்கு வித்திருக்கான்.

கண்ணால பாத்து ஆப்பிரிக்கன் காய்ச்சலா சாதா பன்னிக் காய்ச்சலான்னு சொல்ல முடியாதாம், ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா வைரஸே வேற வேற, ஒண்ணோட ஊசி இன்னொண்ணுக்குக் கேக்காது. சாம்பிள் எடுத்து அனுப்பினாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு பன்னி வெளிய போகக் கூடாது, ஆளும் ஷெட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க. அந்த நாளெல்லாம் நான் தூங்கல, ஊருக்கே நம்மால வந்துடுச்சோன்னு. முந்தா நாள் ரிசல்ட் வந்துச்சு. ஆப்பிரிக்கன் இல்ல. சாதா பன்னிக் காய்ச்சல், கிளாசிக்கல்ங்குறாங்களே அது. அதுக்குத்தான் ஊசி இருக்கு! நிஜமான ஊசி. வண்டி ஏத்துறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி போட்டிருந்தா உடம்புல வேலை செஞ்சிருக்கும். அவன் வீடியோல குத்தினது அனேகமா அயர்னா இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. டிக்காஷன்.

இதுல ஒண்ணு கேளுங்க. கெடா ரெண்டும் போச்சு, அதுங்களுக்கு ஊசி போடல, கேம்ப் நடந்தப்போ பிறக்கவே இல்ல. ஆனா அதே ஷெட்ல, அதே பலகைக்கு அந்தப் பக்கம் நின்ன கருப்பிக்கு ஒண்ணும் ஆகல. போன வருஷம் கேம்ப்ல டாக்டரம்மா போட்ட ஊசி. காசு வாங்கல, கார்டு குடுக்கல. 'இருக்குற ஊசியை விட்டுட்டு இல்லாத ஊசிக்கு காசு கட்டிருக்க'ன்னு அவரு சொன்னப்போ எனக்கு பதில் பேச வாய் வரல.

மிச்சம் மூணு குட்டி நிக்குது, நிக்குதுன்னா எலும்பா நிக்குது.

சரி, விவரமா எழுதுறேன்னு சொன்னேன், முடியல, போன்ல சார்ஜும் இல்ல, கையில பிளீச்சிங் பவுடர் எரிச்சல் வேற. முக்கியமானதை மட்டும் சொல்றேன். ஆப்பிரிக்கன் காய்ச்சலுக்கு ஊசி இருக்குன்னு எவன் சொன்னாலும் அந்த நிமிஷமே போனை வைங்க. நேர்ல போகாம வாங்காதீங்க, போனாலும் ஊசி போட்ட டாக்டர் யாருன்னு கேட்டு அவர்கிட்ட பேசிட்டு வாங்குங்க. ஐஸ் இல்லாம வர்ற மருந்தை கையால தொடாதீங்க. புதுக்குட்டியை ஒரு மாசம் தனியா வைங்க, இடம் இல்லைன்னா வாங்கவே வாங்காதீங்க. காய்ச்சல்னா கடைக்காரன் கிட்ட ஆன்டிபயாட்டிக் வாங்கிக் குத்தாதீங்க, வைரஸுக்கு அது கேக்காது, கால்நடை உதவி நம்பர் 1962க்குப் போன் பண்ணுங்க. செத்ததை ஓடையில தூக்கிப் போடாதீங்க, கறியா வெட்டி விக்காதீங்க (நம்ம ஆளுங்க செய்றாங்க, தெரியும்), சுண்ணாம்பு கொட்டி ஆழமா புதைங்க, மேல கல்லு வைங்க, எங்க பக்கம் காட்டுப்பன்னி வந்து கிளறிட்டுப் போயிடும்.

சைபர் கிரைம் நம்பர் 1930ல கம்ப்ளைன்ட் பண்ணிட்டேன், காசு அனுப்பின அன்னைக்கே பண்ணிருந்தா அக்கவுன்ட்டை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும், நான் மூணு வாரம் அவன் கூப்பிடுவான்னு உக்காந்திருந்தேன். நாளைக்கு நுகர்வோர் புகார் நம்பர் 1915க்கும் போடப் போறேன், ஆப் மேல. கார்டை போட்டோ எடுத்து வச்சிருக்கேன். உங்ககிட்டயும் எல்லா குட்டிக்கும் ஒரே பேட்ச் நம்பர் போட்ட நீலக் கலர் கார்டு இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, தனித்தனியா போனா துரத்தி விடுறானுங்க, சேந்து போய் எழுதிக் குடுக்கலாம்.